தூக்குவாளியில் தொடங்கிய கடை

அமெரிக்க நகரங்களில் 'பாட்டில் ஷாப்' என்று அழைக்கப்படும் பீர் கடை, மளிகைக் கடைக்கும் மதுக்கூடத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவிட்ட குளிர்பெட்டிகள், மற்றச் சுவர்களில் அலமாரிகள், அவற்றில் நூற்றுக்கணக்கான வகை பீர்கள். ஒவ்வொரு வகையிலும் சில பாட்டில்களே இருக்கும். ஆறு பாட்டில் கட்டைப் பிரித்து ஒன்றை மட்டும் வாங்கலாம். ஆறு வெவ்வேறு பாட்டில்களைப் பொறுக்கி அட்டைத் தாங்கியில் அடுக்கிக்கொண்டு வரவும் செய்யலாம். எந்த ஊர் ஆலை, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் எந்த வகை, எந்த வாரம் அடைத்தது என்று கல்லாவில் இருப்பவரைக் கேட்டால் சொல்வார். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நடந்து வரும் தொலைவில் குடியிருப்பவர்கள்.

பழைய காலத்துக் கடை போலத் தோன்றினாலும் இந்த வகைக் கடை பரவலாகி முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. பீரை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா, எதில், எவ்வளவு, யாரிடமிருந்து என்ற வழக்கோ நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது. இந்தக் கடையின் அலமாரியில் இருப்பதையும் இல்லாததையும் பீர் காய்ச்சுபவரின் கைவண்ணம் மட்டும் தீர்மானிக்கவில்லை. வரிச் சட்டம், பாட்டில் மூடி, கண்ணாடியின் நிறம், மாநில எல்லைக் கோடு ஆகியவற்றுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களின் தொழிலாளர் குடியிருப்புகளில் பீர் வீட்டுக்கு வந்தது தூக்குவாளியில். மூடியும் கைப்பிடியும் உள்ள தகர வாளி அது. 'குரோலர்' என்று பெயர். மதுக்கூடத்தை அங்கே சலூன் என்பார்கள். தமிழில் முடிதிருத்தும் கடைக்குப் போய்ச் சேர்ந்த அதே சொல்தான். சலூனின் பக்கவாட்டுக் கதவில் வாளியை நீட்டினால் பீப்பாயிலிருந்து பிடித்துக் கொடுப்பார்கள். வாங்கி வரும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளுடையது. தொழிற்சாலைகளில் மதிய உணவு நேரத்தில் சிறுவர்கள் நீண்ட கம்பில் பல வாளிகளை மாட்டித் தூக்கி வந்தார்கள். நுரை அதிகம் எழும்பி பீரின் அளவு குறையாமலிருக்க வாளியின் உட்புறம் பன்றிக் கொழுப்பு தடவும் தந்திரமும் வழக்கில் இருந்ததாகச் சொல்வார்கள். நியூயார்க்கின் நெருக்கடியான குடியிருப்புகளைப் பற்றி 1890இல் நூல் எழுதிய பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ், சிறுவர்களுக்கு பீர் விற்கக் கூடாது என்ற சட்டம் இருந்தும் அந்தத் தெருக்களில் அதை எவரும் மதிக்கவில்லை என்பதைக் கசப்போடு பதிவு செய்தார். மதுவிலக்குக் கேட்டவர்களின் துண்டறிக்கைகளுக்கு வாளி தூக்கிய குழந்தையைவிடக் கூர்மையான படம் கிடைத்திருக்காது.

பாட்டில் இருந்தபோது வாளி எதற்கு என்ற கேள்விக்கு விடை வரிச் சட்டத்தில் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பணம் திரட்ட 1862இல் கூட்டரசு ஒரு பீப்பாய்க்கு 1 டாலர் வரி விதித்தது. பிறகு வரி கட்டியதற்கு அடையாளமாகப் பீப்பாயின் மீது முத்திரைத்தாள் ஒட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அதனால் எல்லா பீரும் முதலில் பீப்பாய்க்குள் போயாக வேண்டும். பாட்டிலில் அடைக்கும் வேலையை ஆலைக்குள் செய்யக் கூடாது. அதற்குத் தனிக் கட்டடம் வேண்டும். ஆலையில் நிரப்பிய பீப்பாயை உருட்டிக்கொண்டு போய், அடுத்த கட்டடத்தில் திறந்து, பாட்டில்களில் ஊற்றினார்கள். வாயு தப்பியது, காற்று புகுந்தது, கூலி கூடியது. வரி வசூலிப்பவருக்கு வசதியான இந்த முறை பாட்டில் பீரைப் பணக்காரர் சரக்காகவே வைத்திருந்தது. 1890இல் சட்டம் திருத்தப்பட்டு, ஆலையிலிருந்து பாட்டில் கூடத்துக்கு நேரடியாகக் குழாய் போட அனுமதி கிடைத்தது. மில்வாக்கியின் பாப்ஸ்ட் போன்ற பெரிய ஆலைகளுக்கு இதனால் கிடைத்த ஆதாயம் மிகப் பெரியது.

அதற்குள் மற்றச் சிக்கல்களும் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தன. பீர் கெடுவதற்கு நுண்ணுயிரிகளே காரணம் என்று காட்டிய லூயி பாஸ்டரின் பீர் ஆய்வு நூல் 1876இல் பாரிசில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் செயின்ட் லூயிசின் அடால்ஃபஸ் புஷ்ஷும் அவருடைய நண்பர் கார்ல் கான்ராடும் பட்வைசர் என்ற பெயரை அறிமுகப்படுத்தினார்கள். பாட்டிலை வெந்நீரில் சூடாக்கி நுண்ணுயிரிகளை அடக்கிய பீரை, பனிக்கட்டி நிரப்பிய ரயில் பெட்டிகளில் ஆயிரம் மைல் அனுப்ப முடிந்தது.

மூடிதான் நெடுநாள் தொல்லை கொடுத்தது. தக்கையைக் கம்பியால் கட்டினார்கள். கம்பிக் கொக்கியோடு கூடிய பீங்கான் மூடி போட்டார்கள். இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் பாட்டில் கழுத்துக்குள் கண்ணாடிக் கோலியையே அடைத்து வைத்தார். அந்தக் கோலி சோடா தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் இன்னும் உயிரோடிருக்கிறது, பிறந்த நாட்டில் எப்போதோ மறைந்துவிட்டது. பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்ற, ஓரம் மடிந்த தகர மூடியே இறுதியில் வென்றது. நாம் சோடா மூடி என்று சொல்வது அதைத்தான். அவருடைய மூடிக்கு 24 பற்கள். இன்றைய மூடிக்கு 21. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவதற்காகவே செய்யப்பட்ட பொருள்களில் அது முன்னோடி. 1903இல் ஒஹையோவின் டொலீடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கி பாட்டில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். பத்து வயதில் கண்ணாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்க்கப்பட்டவர் அவர். பட்டறைகளில் சிறுவர்களுக்கு இருந்த வேலைகளை அவருடைய இயந்திரம் பெருமளவு இல்லாமலாக்கியது.

கண்ணாடியின் நிறத்துக்கும் காரணம் உண்டு. ஹாப்ஸிலிருந்து பீருக்குக் கசப்பைத் தரும் பொருள்கள் வெளிச்சம் பட்டால் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு சேர்மமாக மாறுகின்றன. மிக மிகச் சிறிய அளவிலேயே அது மூக்கைத் துளைக்கும். அமெரிக்காவின் 'ஸ்கங்க்' என்னும் விலங்கு பீய்ச்சும் நாற்றத்தை ஒத்திருப்பதால் அப்படி ஆன பீரை அந்த விலங்கின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். பழுப்புக் கண்ணாடி இந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சை கொஞ்சம்தான் தடுக்கும், நிறமற்ற கண்ணாடி தடுப்பதே இல்லை. நல்ல பாட்டில் கடைக்காரர் சன்னலோரத்தில் காலிப் பாட்டில்களை மட்டும் அழகுக்கு வைப்பதற்கும், குளிர்பெட்டி விளக்குகளில் கவனமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இவ்வளவும் கூடி வந்த வேளையில் கடையே மூடப்பட்டது. பெரிய பீர் ஆலைகள் தெருமுனை சலூன்களுக்கு வாடகையும் உரிமக் கட்டணமும் தந்து, தங்கள் பீரை மட்டும் விற்கச் செய்தன. ஒரே தெருவில் போட்டி ஆலைகளின் சலூன்கள் எதிரெதிரே நின்றன. குடிப்பவரை இழுக்க இலவச மதிய உணவு, கூடவே சூதாட்டம். 1893இல் ஒஹையோவின் ஓபர்லினில் தொடங்கப்பட்ட சலூன் எதிர்ப்புக் கழகம் தன் பெயரிலேயே எதிரியைச் சுட்டியது. 1919 சனவரியில் பதினெட்டாவது அரசியல் சட்டத் திருத்தம் உறுதியாகி, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. அரை சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதுவும் போதை தரும் பானம் என்று வோல்ஸ்டெட் சட்டம் வரையறுத்தது. மதுவிலக்குக்கு முன் சுமார் 1,300 ஆலைகள் பீர் காய்ச்சின. அவற்றில் பல ஐஸ்கிரீமும் சோடாவும் முளைகட்டிய தானியத்தின் மால்ட் பாகும் செய்து பிழைக்கப் பார்த்தன. மால்ட் பாகு டப்பா ரொட்டி சுடுவதற்கு என்ற பெயரில் மளிகைக் கடைகளில் விற்றது. அவ்வளவு ரொட்டி யார் வீட்டில் சுட்டார்கள் என்று எவரும் விசாரிக்கவில்லை. வீட்டில் காய்ச்சி, கழுவிய பழைய பாட்டில்களில் அடைத்து, கையால் அழுத்தும் கருவியால் சோடா மூடி போட்டார்கள். அமெரிக்கக் குடும்பங்கள் பீரை வீட்டில் வைத்துக் குடிக்கப் பழகியதில் மதுவிலக்குக்கும் பங்கு உண்டு.

1933 ஏப்ரல் 7 அன்று எடையளவில் 3.2 சதவீதம் வரை ஆல்கஹால் கொண்ட பீர் மீண்டும் சட்டபூர்வமானது. அந்த ஆண்டு டிசம்பர் 5இல் மதுவிலக்கு முழுமையாக நீங்கியது. இன்றைய பாட்டில் கடையின் அடித்தளம் அந்தச் சில மாதங்களில் போடப்பட்டது. ஜான் டி. ராக்ஃபெல்லரின் மகன் பணம் கொடுத்து எழுதச் செய்த ஓர் அறிக்கையில் ரேமண்ட் ஃபாஸ்டிக்கும் ஆல்பர்ட் ஸ்காட்டும் ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். கடும் மதுவை அரசே விற்கட்டும், லேசான பீருக்குக் கட்டுப்பாடு தளர்ந்திருக்கலாம், ஆலை எந்தக் காரணத்துக்காகவும் சில்லறைக் கடையைக் கைக்குள் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் போக்கு. மாநிலங்கள் அதைத் தத்தம் விருப்பப்படி எடுத்துக்கொண்டன. காய்ச்சுபவர் மொத்த வியாபாரிக்கு விற்க வேண்டும், மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்கு விற்க வேண்டும், ஒருவர் மற்றவர் தொழிலில் கால் வைக்கக் கூடாது என்ற மூன்றடுக்கு முறை நாடெங்கும் வேர்பிடித்தது. கடும் மதுவின் வியாபாரத்தை மாநில அரசே ஏதோ ஒரு நிலையில் நடத்தும் ஏற்பாடு இன்றும் 17 மாநிலங்களில் உண்டு. டாஸ்மாக்கைப் பார்த்துப் பழகிய வாசகருக்கு இது புதுமையாக இராது.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறியதால் கடையின் உருவமும் மாறியது. இதில் பென்சில்வேனியாவின் கதைக்கு ஈடில்லை. அங்கே பீர் விநியோகஸ்தரிடம் போனால் 24 பாட்டில் கொண்ட முழுப் பெட்டியாகத்தான் வாங்க முடிந்தது. குறைவாக வேண்டுமென்றால் மதுக்கூடத்துக்கோ உணவகத்துக்கோ போக வேண்டியிருந்தது. அங்கே ஒருவருக்கு ஒரு தடவைக்கு 192 அவுன்ஸ், நடைமுறையில் இரண்டு ஆறு-பாட்டில் கட்டு வரைதான் கையில் கொடுத்தனுப்பலாம். ஆகவே பிலடெல்பியாவில் பல வகை பீரை ஒற்றைப் பாட்டிலாக விற்க நினைத்தவர் கடை திறக்க முடியவில்லை. சட்டப்படி ஓர் 'உண்ணும் இடம்' திறக்க வேண்டியிருந்தது. முப்பது பேர் உட்கார இருக்கைகளும் சமையலறையும் அங்கே இருக்க வேண்டும். அந்த நகரின் பாட்டில் கடைகளில் பலவற்றில் சாண்ட்விச் கிடைத்ததற்குப் பசியைவிட உரிமத்தின் நிபந்தனையே முதல் காரணம். இந்த ஏற்பாடு எண்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. 2016இல் நிறைவேறி 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பிறகே விநியோகஸ்தர்கள் எந்த அளவிலும் விற்க முடிந்தது.

1935இன் கூட்டரசுச் சட்டம் ஒன்று பீர் பாட்டிலின் சீட்டில் ஆல்கஹால் அளவை அச்சிடுவதையே தடை செய்தது. மாநிலம் கட்டாயப்படுத்தினால் மட்டும் விதிவிலக்கு. அளவைப் போட்டால் யார் பீருக்குப் போதை அதிகம் என்று ஆலைகள் போட்டி போடும் என்பது சட்டம் செய்தவர்களின் அச்சம். கூர்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்து, 1995இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நாலரை சதவீத பீரும் பத்து சதவீத பீரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கடை, இந்தத் தீர்ப்பு இல்லாமல் வாடிக்கையாளருக்குக் கண்ணைக் கட்டிவிட்ட இடமாகத்தான் இருந்திருக்கும்.

மதுவிலக்கு நீங்கிய பின் வந்த நாற்பது ஆண்டுகள் பாட்டிலுக்கு வெற்றி, வகைகளுக்குத் தோல்வி. 1935 சனவரி 24 அன்று நியூவர்க்கின் க்ரூகர் ஆலை, வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் டின் பீரை விற்றுப் பார்த்தது; மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் குளிர்பதனப் பெட்டி வந்தது, ஊருக்கு வெளியே சூப்பர் மார்க்கெட் வந்தது, பிறகு தொலைக்காட்சி விளம்பரம். பீப்பாயில் விற்ற பீரைவிட அடைத்து விற்ற பீர் அதிகமானது. நாடு முழுக்க ஒரே சுவையில் மெல்லிய பீர் காய்ச்சி, பெரிய அளவில் விளம்பரம் செய்ய முடிந்தவர்கள் பிழைத்தார்கள். உள்ளூர் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலைக்குப் போயின. 1970களின் இறுதியில் அத்தனை பெரிய நாட்டில் இயங்கியவை 100க்கும் குறைவு.

இந்தத் தேக்கம் உடையத் தொடங்கியதற்கு மூன்று நான்கு ஊற்றுகள் உண்டு. சலவை இயந்திரம் செய்யும் குடும்பத்தில் பிறந்த ஃபிரிட்ஸ் மேடாக், சான் பிரான்சிஸ்கோவில் மூடப்படவிருந்த ஆங்கர் ஆலையை 1965இல் வாங்கினார். 1971இல் அதன் பீர் பாட்டிலில் வரத் தொடங்கியது. 1976இல் ஜாக் மெக்காலிஃப், கலிஃபோர்னியாவின் சொனோமாவில் கழித்துப்போட்ட பால் பண்ணைக் கருவிகளைக் கொண்டு நியூ ஆல்பியன் என்ற சிற்றாலையைத் தொடங்கினார். ஆறே ஆண்டில் அது மூடப்பட்டாலும் பின்வந்தவர்களுக்கு அதுவே முன்மாதிரி. 1977இல் ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் வெளியிட்ட உலக பீர் வழிகாட்டி, பீரை வகை வகையாகப் பிரித்துப் பெயரிட்டது. பாடகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பீர் உலகில் அந்தப் பெயருக்கு உரியவர் இவர்தான். அவர் வகுத்த வகைப்பாட்டின் சாயலைப் பாட்டில் கடை அலமாரிகளில் இன்றும் காணலாம். 1978இல் சியாட்டிலில் சார்லஸ் ஃபிங்கல் தொடங்கிய இறக்குமதி நிறுவனம், இங்கிலாந்தின் சாமுவேல் ஸ்மித் ஆலைச் சரக்கையும் பெல்ஜிய பீர்களையும் அமெரிக்க அலமாரிகளுக்குக் கொண்டு வந்தது. வழக்கொழிந்துபோயிருந்த ஓட்ஸ் கலந்த கறுப்பு பீரை அந்த ஆலை மறுபடி காய்ச்சியது அவர் கேட்டதால்தான்.

எல்லாவற்றிலும் நேரடியாகக் கடைக்கு வித்திட்டது வீட்டில் பீர் காய்ச்சும் வழக்கம். மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் வைன் செய்வதற்குச் சட்டம் இடம் கொடுத்தது, பீரை விட்டுவிட்டது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இந்தக் குறையைச் சரிசெய்தது. வயது வந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவர் உள்ள வீட்டுக்கு 200 கேலன் வரை வரியின்றி காய்ச்சலாம். மாநிலங்கள் தனித்தனியே இசைய வேண்டியிருந்ததால் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், மூடி போடும் கருவி ஆகியவற்றை விற்கும் சிறு கடைகள் ஊருக்கு ஊர் வந்தன. அங்கே வருபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பீர் தேடினார்கள். கலிஃபோர்னியாவின் சிக்கோவில் அத்தகைய கடை ஒன்றை 1976இல் திறந்த கென் கிராஸ்மன்தான் 1980இல் சியர்ரா நெவாடா ஆலையைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஹாப்ஸ் மணம் தூக்கலான அந்த ஆலையின் பேல் ஏல் வகை பீர் எதிர்காலத்துக்கு வழிகாட்டியாக அமைந்தது. 'சிற்றாலை பீர்' என்ற பெயர் மெல்ல மெல்ல 'கைவினை பீர்', அதாவது கிராஃப்ட் பீர், என்று மாறியது.

1990களின் நடுவில் சிற்றாலைகள் பெருகிவிட்டன. அவற்றின் சரக்கை முழுமையாக வைக்க இடம் இல்லை. சூப்பர் மார்க்கெட் அலமாரியின் ஒவ்வோர் அடியையும் பெரிய ஆலைகளின் விநியோகஸ்தர்கள் கணக்குப் போட்டுப் பிடித்து வைத்திருந்தார்கள். மதுக்கடைகளில் விஸ்கிக்கும் வைனுக்கும் நடுவே பீருக்குக் கிடைத்தது ஒரு மூலை. பீருக்கென்றே தனிக்கடை என்ற எண்ணம் வேரூன்றிய இடங்களில் ஒன்று ஒரிகனின் போர்ட்லண்ட். அங்கே 1985இலேயே, காய்ச்சும் இடத்தில் விற்கவும் அனுமதிக்கும் சட்டம் வந்துவிட்டது. ஹார்ஸ் பிராஸ் என்ற ஆங்கிலேய பாணி மதுக்கூடத்தை நடத்திய டான் யங்கரும் ஜாய் கேம்பெலும் 1997இல் அதன் பக்கத்திலேயே பெல்மாண்ட் ஸ்டேஷன் என்ற பாட்டில் கடையைத் திறந்தார்கள். மதுக்கூடத்தில் ஒரு பீரைச் சுவைத்தவர் வெளியே வந்து அதையோ அதன் உறவையோ பாட்டிலாக வாங்கிப் போகலாம். 1999இல் சியாட்டிலின் வாலிங்ஃபோர்டு பகுதியில் பாட்டில்வொர்க்ஸ் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 2006இல் சிட்டி பீர் ஸ்டோர்.

இந்தக் கடைகளின் உழைப்பு வாடிக்கையாளர் கண்ணில் படாதது. ஹாப்ஸ் மணமுள்ள பீர் சில வாரங்களில் மணம் இழக்கும், அறை வெப்பத்தில் இன்னும் விரைவாக. புளிப்பான பெல்ஜிய லாம்பிக்கும் கெட்டியான பார்லி வைனும் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆகவே கடைக்காரருக்குக் காய்கறிக்காரரின் பதற்றமும் புத்தகக் கடைக்காரரின் பொறுமையும் ஒரே நேரத்தில் தேவை. எழுநூறு வகை வைத்தால் அவற்றில் பாதி மெதுவாக நகரும். பழையதாகிவிட்ட ஒரு பாட்டில் ஆலையின் பெயரையும் கடையின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கும். அடைத்த தேதியைப் பாட்டிலில் போடும் வழக்கம் பரவியதில் இந்த வகை வாடிக்கையாளர்களின் நச்சரிப்புக்குப் பங்கு உண்டு. சான் டியேகோ பகுதியின் ஸ்டோன் ஆலை, எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டும் என்பதையே பீரின் பெயராக்கி 2012இல் ஒரு பீரை வெளியிட்டது.

தென் மாநிலங்களில் கடை வருவதற்கு முன் சட்டம் மாற வேண்டியிருந்தது. வட கரோலினாவில் 6 சதவீதத்துக்கு மேற்பட்ட பீர் சட்டவிரோதமாக இருந்தது; உலகின் பெயர்பெற்ற பீர் வகைகளில் பல அதற்குள் அடங்கா. பீர் ஆர்வலர்கள் நடத்திய இயக்கத்தின் பயனாக 2005இல் உச்சவரம்பு 15 சதவீதமானது. அடுத்த ஆண்டே ஆஷ்வில்லில் கிராஃப்ட் பீருக்கென்று தனிக்கடை வந்தது. பின்னாளில் அந்த மலையடிவார நகரம் சிற்றாலைகளுக்குப் பெயர்பெற்றது. ஜார்ஜியா 2004இல் 14 சதவீதம் வரை அனுமதித்தது; அலபாமா 2009இலும் மிசிசிப்பி 2012இலும் தங்கள் வரம்பை உயர்த்தின. அலபாமாவில் வரம்பு உயர்ந்த பிறகும் 16 அவுன்ஸுக்குப் பெரிய பாட்டில் கூடாது என்ற விதி மேலும் மூன்றாண்டு நின்றது. ஃபுளோரிடாவோ 2001 வரை 8, 12, 16, 32 அவுன்ஸ் பாட்டில்களை மட்டும் அனுமதித்தது. மில்லிலிட்டர் கணக்கில் அடைக்கும் ஐரோப்பிய ஆலைகளுக்கு அந்த மாநிலம் மூடிய கதவு.

இதற்கிடையில் தூக்குவாளி திரும்பி வந்தது. வயோமிங்கில் ஆட்டோ பிரதர்ஸ் என்ற சிற்றாலைக்குப் பாட்டிலில் அடைக்கும் இயந்திரம் வாங்க வசதி இல்லை. பழைய வாளிகளை அதை நடத்திய சகோதரர்களின் தந்தை நினைவூட்ட, 1989இல் அவர்கள் 64 அவுன்ஸ் பழுப்புக் கண்ணாடி ஜாடியில் பீரைப் பிடித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. பெயர் மட்டும் பழையது: குரோலர். பாட்டில் கடைகள் இதைப் பற்றிக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னால் குழாய்களைப் பொருத்தின. ஜாடியில் பிடித்துப் போகும் குழாயில் ஒரு தம்ளர் பிடித்து அங்கேயே குடிக்க வாடிக்கையாளர் விரும்புவது இயல்புதானே. உரிமம் கிடைத்த மாநிலங்களில் கடைக்குள் மேசைகளும் முக்காலிகளும் வந்தன. ஃபுளோரிடா இதிலும் தனி வழி: 32 அவுன்ஸ் ஜாடி சரி, 128 அவுன்ஸ் சரி, ஆனால் நாடெங்கும் புழங்கிய 64 அவுன்ஸ் குற்றம். 2015இல்தான் அது நீங்கியது.

பாட்டிலின் ஆட்சி இதற்கு முன்பே ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. கொலராடோவின் லயன்ஸ் என்ற சிற்றூரில் ஆஸ்கர் புளூஸ் ஆலை 2002இல் தன் பேல் ஏலைக் கையால் டின்னில் அடைத்தபோது பலர் சிரித்தார்கள். டின் என்றால் மலிவு பீர் என்ற எண்ணம் அவ்வளவு ஊறியிருந்தது. வெளிச்சம் புகாது, எடை குறைவு, அடுக்குவது எளிது என்ற காரணங்கள் பிறகு உறைத்தன. வெர்மாண்டின் வாட்டர்பரியில் தி ஆல்கெமிஸ்ட் என்ற மதுக்கூடம் 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளத்தில் அழிந்தது. அதே நாட்களில் அதன் உரிமையாளர்கள் ஊரின் வேறிடத்தில் டின் அடைக்கும் ஆலையைத் தொடங்கவிருந்தார்கள். அங்கே அடைத்த ஹெடி டாப்பர் என்ற பீருக்காக அயல் மாநிலங்களிலிருந்து கார் ஓட்டி வந்தார்கள். 16 அவுன்ஸ் டின் நான்கு கொண்ட கட்டு புதிய அளவானது. 22 அவுன்ஸ் பெரிய பாட்டில், தமிழ்நாட்டில் புழங்கும் 650 மில்லி பாட்டிலின் அளவுதான் அது, ஒருகாலத்தில் கிராஃப்ட் பீரின் அடையாளமாக இருந்து அலமாரிகளிலிருந்து மெல்ல மறைந்தது.

2015 முடிவில் நாட்டின் ஆலை எண்ணிக்கை 4,000ஐத் தாண்டி, 1873இன் பழைய உச்சத்தையும் கடந்தது. அதன் பிறகு 9,000க்கும் மேல் போனது. கடைகளுக்கு இது வரமாகவும் தலைவலியாகவும் ஆனது. அருமையான சரக்கு குறைந்த எண்ணிக்கையிலேயே கிடைக்கும். விநியோகஸ்தர் ஒரு கடைக்கு ஒரு பெட்டி என்று பங்கிடுவார். வாடிக்கையாளருக்கு ஒரு பாட்டில் என்று கடைக்காரர் பங்கிட வேண்டும். இன்னொரு பக்கம், ஆலைகள் தங்கள் வாசலிலேயே விற்க மாநிலங்கள் ஒன்றொன்றாக அனுமதித்தன. இரண்டு இடைத்தரகரைத் தாண்டி விற்பதைவிட நேரே விற்பதில் லாபம் பல மடங்கு. 1933இல் ஆலையையும் கடையையும் பிரித்த சுவரில் விழுந்த ஓட்டை அது. கொலராடோவில் 2019 சனவரி 1 முதல் சூப்பர் மார்க்கெட்டுகளும் முழு வலுவுள்ள பீரை விற்கலாம் என்றானபோது தனிக்கடைகள் பலவற்றின் விற்பனை சரிந்தது. எல்லாவற்றுக்கும் முன்னோடியான ஆங்கர் ஆலை, ஜப்பானின் சப்போரோ நிறுவனத்தின் கைக்குப் போய், 2023 சூலையில் இயக்கத்தை நிறுத்தியது.

காலிப் பாட்டிலுக்கும் தனி வரலாறு உண்டு. பழைய நாட்களில் கனமான பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் கிடைக்கும். ஆலை கழுவி மறுபடி நிரப்பும். தூக்கிப்போடும் பாட்டில் வந்து சாலையோரங்கள் நிறைந்தபோது, ஒரிகன் 1971இல் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 5 சென்ட் வைப்புத்தொகை விதித்து நாட்டுக்கு வழிகாட்டியது. 2017இல் அது 10 சென்ட் ஆனது. நீலகிரி டாஸ்மாக் கடைகளில் 2022இல் தொடங்கிய, காலிப் பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் ஏற்பாட்டின் தர்க்கமும் இதுவே.

இன்றைய பாட்டில் கடையின் குளிர்பெட்டியில் பெரும்பகுதி டின்களே. கண்ணாடிப் பாட்டில் நிற்பது சுவரோர அலமாரிகளில்: உள்ளே ஈஸ்ட் உயிரோடிருந்து மெல்ல முதிரும் பெல்ஜியத் துறவியர் மடங்களின் பீர்கள், தக்கையும் கம்பிக்கூடும் போட்ட லாம்பிக் வகைகள், மரப்பீப்பாயில் ஓராண்டு கிடந்து வந்த கறுப்பு பீர்கள். வெளிச்சம் படாத கீழ்த்தட்டில், கழுத்தில் தேதி எழுதிய சீட்டோடு அவற்றைக் கிடத்தியோ நிறுத்தியோ வைத்திருப்பார்கள்.